மாதம் ஒரு துளி எண்ணெய், வருஷமெல்லாம் சண்டை

எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு லிஃப்ட் கம்பெனிகள் விலை கொடுத்திருக்கின்றன. ஒன்று மற்றதில் பாதி. பாதி விலையைப் பிடித்துக்கொள்ளலாமா?
*– நிர்வாகக் குழு உறுப்பினர், சுங்கை பாக்காப்*

அவசரம் வேண்டாம். மலேசியாவில் லிஃப்ட் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகை. ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்றால் மோட்டார், கயிறு, கன்ட்ரோலர் போர்டு வரை மாற்றித் தருவது கம்பெனியின் பாடு. ‘பி.ஓ.ஜி.’ என்றால் துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள், கிரீஸ் பூசுவார்கள். பாகம் போனால் தனி பில் வரும். பாதி விலைக்காரர் அநேகமாக இரண்டாவது வகை.

புது லிஃப்டுக்கு அது போதும். வயதான லிஃப்டில் ஒரே ஒரு போர்டு எரிந்தால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் அன்றைக்கே கரைந்துவிடும். ‘காம்ப்ரிஹென்சிவ்’ ஒப்பந்தத்திலும் ‘இவை சேராது’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: மின்னல், தண்ணீர், பட்டனை லைட்டரால் சுட்ட குறும்பு. கையெழுத்துக்கு முன் குழு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மாதாமாதம் ஒரு தம்பி வந்து கையெழுத்து வாங்கிப் போகிறார். என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியவில்லையே?
*– ஜாவி வாசகி*

வந்த நேரம், போன நேரம், பார்த்த பாகம் மூன்றும் லாக் புத்தகத்தில் ஏறாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பிரேக், கதவுப் பூட்டு, அடியில் உள்ள குழி, வேகம் மீறினால் பிடிக்கும் கவர்னர் ஆகியவற்றைப் பார்க்காத வருகை வருகையே ஆகாது. லிஃப்ட் அடிக்கடி நிற்பதற்குப் பெரும் காரணம் கதவுதான். கதவுத் தடத்தில் ஒரு கூழாங்கல் சிக்கினாலும் போதும். இதில் குடியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. வீடு மாறுகிறவர்கள் கதவுக்குக் குறுக்கே அலமாரியை முட்டுக்கொடுப்பதும், நடைபாதை கழுவிய தண்ணீர் குழிக்குள் இறங்குவதும் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாது.

கயிறு அறுந்தால் கதை முடிந்ததா?
*– பத்தாவது மாடி பாட்டி, சிம்பாங் அம்பாட்*

இல்லை, பாட்டி பயப்பட வேண்டாம். 1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடைமேல் நின்றுகொண்டே கயிற்றை வெட்டச் சொன்னார். அவருடைய பிடிப்பான் மேடையை நிறுத்தியது. இன்றைய லிஃப்டில் கயிறும் ஒன்றல்ல, பல. பிரேக் தேய்ந்தால்தான் கவலை. எதிர் எடை காலி லிஃப்டைவிடக் கனம் என்பதால், ஆளில்லாத லிஃப்ட் மேலே பாயும்! ஆகவே பிரேக் சோதனை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும்.

உள்ளே மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரத்தில் வர வேண்டும்?
*– நிபோங் திபால் வாசகர்*

‘உடனடியாக’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு நிமிடக் கணக்கு கேட்க வேண்டும். கம்பெனி பினாங்குத் தீவுப் பக்கம் இருந்தால், ஆள் பத்து காவானுக்கு வரும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஆள் எங்கிருந்து வருவார் என்று முன்கூட்டியே கேட்பது குழுவின் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால் 999தான், பொம்பா எனும் தீயணைப்புப் படை வரும். பக்கத்து வீட்டு அண்ணன் இரும்புக் கம்பியோடு கதவைத் திறக்க வரக்கூடாது.

சான்றிதழ் காலாவதியானால் கம்பெனிதானே பதில் சொல்ல வேண்டும்?

கட்டட உரிமையாளர் கைகழுவ முடியாது. லிஃப்டுக்கு பி.எம்.ஏ. என்ற தூக்கு இயந்திரப் பதிவெண்ணும், வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் தகுதிச் சான்றிதழும் வேண்டும். 1967ஆம் ஆண்டு ஆலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்ட பிறகும், திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் தேவை தொடர்கிறது. சோதனைக்கு எடைக்கல் யார் கொண்டுவருவது, கட்டணம் யார் செலுத்துவது என்பதை ஒப்பந்தம் சொல்லட்டும்.

கம்பெனியை மாற்ற நினைத்தால், கன்ட்ரோலர் ‘பாஸ்வேர்டு’ தரமாட்டோம் என்கிறார்களே?
*– ஜார்ஜ்டவுன் வாசகர்*

இது உலகம் முழுக்க உள்ள தலைவலி. பராமரிப்புத் தொழிலில் போட்டி குறைந்தால் வாடிக்கையாளர் தலையில்தான் விடியும். ஓட்டிஸ், ஷிண்ட்லர், கோனே, திசென்க்ரூப் ஆகிய குழுமங்கள் நான்கு ஐரோப்பிய நாடுகளில் லிஃப்ட் நிறுவுவதிலும் பராமரிப்பதிலும் கூட்டுச் சேர்ந்ததற்காக, 2007இல் ஐரோப்பிய ஆணையம் 99 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. நம் நிர்வாகக் குழுக்களுக்கு அவ்வளவு பெரிய கை இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடியும் நாளில் வயரிங் படம், கையேடு, சோதனைக் கருவி, பாஸ்வேர்டு எல்லாம் உரிமையாளரிடம் வந்துசேர வேண்டும் என்று ஒரு வரி எழுத யாராலும் முடியும்.

பழைய லிஃப்டை மாற்ற லட்சக்கணக்கில் பணத்துக்கு எங்கே போவது?

அதற்குத்தான் ‘சிங்கிங் ஃபண்ட்’ என்ற சேமநிதி. மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு பினாங்கு அரசின் பராமரிப்பு நிதி 80 விழுக்காடு வரை தருகிறது. மீதி 20 குடியிருப்பவர்கள் பங்கு. ஆகவே மாதக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே கட்டிவிட வேண்டும்.