வேட்டைநாயும் சாய்மனைக் கதிரையும்

மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கிரேஹவுண்ட் நாய்க்கு நாலு பரப்பு வளவு போதுமா? (வாசகர், கரவெட்டி)

வளவு போதும், சாய்மனைக் கதிரைதான் போதாது. சில நூறு மீற்றருக்கு மட்டுமே அவ்வேகத்தைத் தாக்குப்பிடிக்கும் இந்தப் பார்வை வேட்டைநாய், அதாவது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி இரையைத் துரத்தும் இனம், நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பதோடு அரிதாகவே குரைப்பதால், கள்வர் வந்தால் வீட்டாரே விழித்து நாயையும் எழுப்ப வேண்டியிருக்கும்.

கோழி வளர்க்கும் வீட்டுக்கு அது ஒத்துவருமா? (வாசகி, சாவகச்சேரி)

கோழிகளிடம் அல்லவா கேட்க வேண்டும்? மனிதரிடம் மிகச் சாதுவான இந்நாய், செட்டையடித்து ஓடும் எதையும் கண்டால் கிடுகு வேலியையும் பொருட்படுத்தாது துரத்தும். தமிழ்நாட்டு வேட்டைநாயான சிப்பிப்பாறைக்கும், 2005இல் இந்திய அஞ்சல் முத்திரையில் இடம்பெற்ற இராசபாளையத்துக்கும் இந்த வேட்டைக்குணம் உண்டு.

பகிடி போக, வளர்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: உடற்கொழுப்பு மிகக் குறைந்த கிரேஹவுண்டின் ஈரல், தயோபென்டல் போன்ற சில மயக்க மருந்துகளை மெதுவாகவே சிதைப்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்னர் நாயின் இனத்தை மிருக வைத்தியரிடம் தவறாது சொல்லிவிடுக.