பனி தீர்வதற்குள் பார்த்துவிடுங்கள்

அண்டார்டிகா போகும் சொகுசுக் கப்பல்களில் ஒரு சடங்கு உண்டு. கரையிறங்குமுன் பயணிகளின் கோட்டுப்பை, முதுகுப்பை, காலுறை மடிப்பு எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவார்கள். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுப்பார்கள். அந்நிய விதை ஒன்றுகூட அந்தக் கன்னி மண்ணில் விழுந்துவிடக் கூடாதாம். நல்ல விதிதான். விதையைப் பிடித்துவிட்டார்கள், புகைபோக்கிக்குத்தான் வாக்குவம் இன்னும் வரவில்லை.

2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கப்பல் கக்கும் கரி வெண்பனிமேல் படிகிறது, வெயிலை இழுக்கிறது, பனி சீக்கிரம் கரைகிறது. பயணி ஒருவர் பங்குக்குச் சுமார் 83 டன் பனி. கம்பெனி இனாமாகத் தரும் சிவப்புக் கோட்டோடு இதையும் சேர்த்தே தருகிறார்கள், பில்லில் மட்டும் காணோம். கனரக எண்ணெய்க்கு அங்கே 2011 முதல் தடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதனால் இப்போது கொஞ்சம் கண்ணியமான டீசலில் உருக்குகிறோம்.

பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகப் பின்பற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உறைநீரில் ஒருமுறை குதித்து, ஈரத்தலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு ஒரு பதவியும் காத்திருக்கிறது. ‘அண்டார்டிகாவின் தூதர்’! பயண நிறுவனங்கள் 1991இல் கூடி அமைத்த சங்கம்தான் இப்படி அழைக்கிறது. உலகத்தில் தூதர்கள் சம்பளம் வாங்குவார்கள். இவர்கள் லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். காசு கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கிப் போஸ்டர் ஒட்டும் பெருமக்களைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது புரியாமல் போகுமா? 2023-24 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்வந்தார்கள். இத்தனை தூதர்கள் இருந்தும் அந்தக் கண்டத்துக்காக எந்த அரசிடம் யார் வாதாடினார்கள் என்றுதான் தெரியவில்லை.

வடக்கே கதை வேறு. அங்கே ரத்தம் உண்டு. 2018 ஜூலையில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகோடியில் பிரெமன் என்ற கப்பல் நின்றது. பயணிகள் இறங்குமுன் கரையில் ஆபத்து உண்டா என்று பார்க்கக் காவலர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ஆபத்து தன் வீட்டிலேயே இருந்தது. பனிக்கரடி ஒரு காவலரைத் தாக்கியது, சுட்டுக் கொன்றார்கள். தற்காப்பு என்றது கம்பெனி. தலையில் அடிபட்ட அந்தக் காவலர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கூலிக்கு உயிரைப் பணயம் வைத்தவர் அவர். ஆனால் ஒருவன் வீட்டு வாசலுக்குத் துப்பாக்கியோடு போய், அவன் பாய்ந்தபின் சுட்டுவிட்டு, அதைத் தற்காப்பு என்று எழுதிக்கொடுக்க எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! இயற்கையை நேசிக்கிறார்களாம். இந்த நேசத்துக்குக் காவலாக எப்போதும் ஒரு ரைஃபிள் முன்னால் நடக்கிறது.

கடைசியில் நார்வே விழித்தது. 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், வசந்தத்தில் 500. காப்புப் பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது, குறித்த இடங்களில் மட்டுமே இறங்கலாம். உடனே தொழில்காரர்கள் முகம் சுளித்தார்கள். பாவம், 300 மீட்டரில் கரடியோடு செல்ஃபி எடுத்தால் கரடி எங்கே தெரியும்?

கிரீன்லாந்தையும் விடவில்லை. 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல், உலகிலேயே பெரிய தேசியப் பூங்காவுக்குள் 206 பேரோடு தரைதட்டியது. மனித வாசனையே இல்லாத இடம் என்றுதானே விளம்பரம்? அதனால் உதவிக்கும் ஆள் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் தாராயோக் இழுத்துவிட்டது. தாராயோக், கிரீன்லாந்து அரசின் மீன்வள ஆய்வுக் கப்பல். உருகும் கடலில் மீன் எத்தனை மிச்சம் என்று எண்ண வேண்டியவர்கள், அந்தக் கடலை வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.