அழுக்கிலக்கணம்: அன்னவாசல் வட்டாரத்து நீர்மூழ்கி பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டலும் வயதேற்றலும்

1. ஆய்வுப் பொருளும் ஆய்வெல்லையும்

ரேடியோவால் இயங்கும் பொம்மை நீர்மூழ்கிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்த கையோடு அதைப் பழையதாக்குவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் பேரூராட்சியும், சுற்றியுள்ள கண்மாய், குளம், சுனை ஆகியனவும் ஆய்வெல்லை.

இவ்வெல்லைக்குள் அத்தகைய நீர்மூழ்கி எதுவும் இதுவரை அகப்படவில்லை. இல்லாத பொருளைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்ற ஆய்வேடுகள் நாட்டில் பல உண்டு. ஆகவே இது குறையாகாது. மேலும், கண்ணில் படாமல் இருப்பதுதான் நீர்மூழ்கியின் இலக்கணமே. எனவே அது கண்ணில் படவில்லை என்பதையே அது அங்கே இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளவும் இடமுண்டு.

2. திணை பற்றிய தடையும் விடையும்

'கடலே இல்லாத ஊரில் கடற்கலத்துக்கு என்ன வேலை? நெய்தலுக்கு உரியதைக் கொண்டுவந்து வானம் பார்த்த பூமியில் வைப்பது திணைமயக்கம் அன்றோ?' என்று ஒரு சாரார் தடை எழுப்புவர்.

விடை வருமாறு: பெரிய நீர்மூழ்கி கடலுக்கு உரியது; பொம்மை நீர்மூழ்கி அப்படியன்று. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனாலேயே ரேடியோ அலையை விழுங்கிவிடும். பொம்மையைக் கடலில் இறக்கி மூழ்கச் சொன்னால் அது கேட்கும். எழச் சொன்னால் கேட்காது. நன்னீர் அப்படிப்பட்டதன்று. 27, 40 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய ரிமோட்டுகளின் அலை நன்னீருக்குள் சில மீட்டர் இறங்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டோ நன்னீரிலும் சாண் கணக்கிலேயே ஓய்ந்துபோகும். ஆகவே இக்கலைக்கு வேண்டியன இரண்டு: பழைய ரிமோட், ஊர்க் கண்மாய். முதலாவது கிடைப்பதுதான் அரிது.

மெய்யான நீர்மூழ்கிக்கும் சொல் உள்நாட்டிலிருந்தே போகிறது. நீருக்கடியில் இருக்கும் இந்தியக் கடற்படை நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990இல் அமைந்த இடம் துறைமுகம் அன்று. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணம். மிகத் தாழ் அதிர்வெண் எனப்படும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலை கடல்நீருக்குள் இருபது மீட்டர் அளவுக்காவது இறங்கும். அதை அனுப்ப வானளாவிய கோபுரங்களும் அவற்றுக்கேற்ற பொட்டலும் வேண்டும். பொட்டல் வகையில் அன்னவாசலுக்கு எந்தக் குறையும் இல்லை.

3. வட்டாரத்து முன்மரபு

சித்தன்னவாசல் மலையில் நாவற்சுனை என்றொரு சுனை உண்டு. அதன் நீருக்குள் சிவலிங்கத்தோடு கூடிய சிறு குடைவரை ஒன்று மூழ்கியிருக்கிறது. பக்கத்து நார்த்தாமலையில், மேலமலைச் சுனைக்குள்ளும் இப்படியொரு லிங்கம். 1857இல் தொண்டைமான் மன்னரின் ராணி அந்தச் சுனை நீரை இறைக்கச் செய்து வழிபட்ட செய்தி அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை முறைப்படி சேவையில் சேர்த்த முதல் நீர்மூழ்கியான ஹாலந்து வந்தது 1900இல். புதுக்கோட்டைச் சீமை 43 ஆண்டு முந்திவிட்டது.

இரண்டுக்கும் பொறியியல் வேறுபாடு உண்டு. ஹாலந்து தன் வயிற்றிலிருந்த நீரை வெளியே தள்ளி மேலே வரும். மேலமலை லிங்கத்தைக் காணச் சுனையின் நீரையே வெளியே தள்ள வேண்டும். தத்துவம் ஒன்றுதான்; கூலியாள்தான் கூடுதல்.

4. அளவை

விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவை எடுத்துக்கொள்வோம். 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற கலம். நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். இதை 72இல் ஒரு பங்காகச் செய்தால் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். டவுன் பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார், நியாயம்தான்.

இதே அளவையைக் கண்மாய்க்கும் பொருத்த வேண்டும். ஒரு சாண் கெண்டை இங்கே 16 மீட்டர்த் திமிங்கிலம். கரையோர மணலில் அரை மில்லிமீட்டர்ப் பரல் ஒன்று 36 மில்லிமீட்டர் ஜல்லி. இரண்டரை மீட்டர் நீள எருமையொன்று குளிக்க இறங்கினால் அதன் நீளம் 180 மீட்டர். உலகில் கட்டப்பட்ட நீர்மூழ்கிகளிலேயே பெரிதெனப்படும் சோவியத் டைஃபூன் வகை 175 மீட்டர்தான். கண்மாயின் கடலாதிக்கம் யாரிடம் இருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

நிறத்துக்கும் அளவை உண்டு. பொம்மையை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது மெய்க்கலத்தை 72 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரக் காற்றினூடே கறுப்பு கறுப்பாகத் தெரியாது. சாம்பல் பூத்துத் தெரியும். டப்பாவிலிருந்த கறுப்பை அப்படியே அடித்தவர் செய்தது பொம்மை. அதில் ஒரு துளி வெள்ளை கலந்தவர் செய்தது நீர்மூழ்கி. பளபளப்பும் இதனாலேயே ஆகாது. மேல்பூச்சு மேட் ஆக இருத்தல் வேண்டும்.

5. வண்ணம் தீட்டும் முறை

கூடு பெரும்பாலும் ஃபைபர். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசிய மெழுகு அதில் ஒட்டியிருக்கும். பாத்திரம் விளக்கும் சோப்பால் கழுவாமல் பெயிண்ட் அடித்தால் முதல் முழுக்கிலேயே தோல் உரியும். கழுவியபின் இணைப்புகளில் பட்டி பார்த்து, 400, 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். இதுவரை சொன்னவற்றைக் கார் பட்டறையில் டிங்கரிங் பெயிண்டிங் செய்யும் எவரும் அறிவர். நமக்கும் அவர்களுக்கும் வழி பிரிவது இதன்பின்தான்.

பிரைமர்மேல் துரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். ஆங்காங்கே நீர் தொட்டுக் கல்லுப்பைத் தூவி, அது ஒட்டிக் காய்ந்தபின் மேலே சாம்பற்கறுப்பை அடிக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்ததும் உப்பை உதிர்த்துவிட்டால், உப்பிருந்த இடமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்து துரு எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு தின்னரில் நீர்க்கக் கரைத்த ஆயில் பெயிண்டைப் பொருத்துவாய்களில் ஓடவிட்டுத் துடைத்தல். புள்ளி வைத்துத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தல். எல்லாவற்றையும் மேட் கிளியர் கோட்டால் மூடுதல்.

அடித்த பெயிண்டுக்கும் எடை உண்டு. நீர்மட்டத்துக்கு மேற்பகுதியில் அது கூடினால் நீர்மூழ்கி சாயும். ஆகவே உள்ளே ஈயத்தையும் நுரைத்துண்டையும் இடம் மாற்றி வைத்து மிதப்பை மறுபடி சரிபார்த்தல் கடன். பெயிண்ட் நன்றாக இறுகுமுன் நீரில் இறக்குபவர் கொப்புளம் காண்பார்.

புதுப்பொருளுக்கு வேண்டுமென்றே கறை வைப்பது மேலைநாட்டுப் பைத்தியம் என்று சொல்வோர், நம் வீட்டுக் குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மறந்தவர் ஆவர். இரண்டுக்கும் ஒரே வேறுபாடு: திருஷ்டிப் பொட்டு எந்தக் கன்னத்தில் என்று யாரும் கேட்பதில்லை. நீர்மூழ்கியின் கறை ஒவ்வொன்றும் 'நீ ஏன் இங்கே வந்தாய்?' என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

6. வழுவும் வழாநிலையும்

இடவழு: மெய்க்கலத்தின் மேல்தளத்துக்குக் கீழே நீர் வடியும் துளைகள் வரிசையாக இருக்கும். கலம் மேலெழும்போது அவற்றின் வழியே வழியும் நீர்தான் துருக்கோட்டை நெட்டுக்குத்தாக இழுக்கிறது. துளையில்லாத வெறுந்தகட்டின் நடுவே தொடங்கும் கறை எழுவாயில்லாத பயனிலை. தமிழ் தோன்றா எழுவாயை ஏற்கும், துரு ஏற்காது.

பொருள்வழு: உந்துவிசிறி வெண்கல வகை உலோகம், களிம்பேறும், துருப்பிடிக்காது. சோவியத் ஆல்ஃபா வகைக்கு உடம்பே டைட்டானியம். அதற்குத் துரு பூசுவது மீனுக்குக் கொம்பு வரைவது. எதிரியின் ஒலியலையை ஏமாற்ற ரப்பர் போர்த்திய கலங்களும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் யூ-480 அத்தகையது. ரப்பர் துருவேறாது, பெயர்ந்து விழும். அதற்கு வரைய வேண்டியது கோடு அன்று, சதுரம்.

காலவழு: 2017 டிசம்பர் 14 அன்று மும்பையில் ஐ.என்.எஸ். கல்வரி கடற்படையில் சேர்ந்தது. அந்நாளைய கோலத்தில் அதைச் செய்ய முனைந்தவர் துருத்தூரிகையைத் தொடுவது, மணவறையில் மாப்பிள்ளைக்கு நரை தீட்டுவதாகும்.

நிறவழு: தெளிந்த மத்தியதரைக் கடலில் கறுப்புக் கலம் விமானத்துக்குப் பளிச்சென்று தெரியும் என்பதால் பிரிட்டிஷார் அங்கே தம் நீர்மூழ்கிகளுக்கு நீலம் அடித்தனர். 1941 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் கவிட்டே துறையில் குண்டுவீச்சுத் தீ அமெரிக்காவின் சீட்ராகன் நீர்மூழ்கியின் கறுப்புப் பெயிண்டைப் பொசுக்க, அடியிலிருந்த செந்நிறப் பூச்சு வெளிப்பட்டது. அக்கோலத்திலேயே அது போருக்குப் போனது. மழை முடிந்த மாதங்களில் செம்மண் கரைந்து நிற்கும் புதுக்கோட்டைக் கண்மாய்க்கு மறைவான நிறம் எது என்பதைச் சீட்ராகன் அறியாமலே சொல்லிச் சென்றது. ஆனால் அந்த நிறத்தை அடித்தால் மூழ்கிய பொம்மை உரியவருக்கும் தெரியாது. போரில் இது வெற்றி. கண்மாயில் இது ஆளிறக்கித் தேடுதல்.

ஐந்தாவதாக, இத்துறையின் மையச் சிக்கல். இத்தனை பாடுபட்டுப் பூசிய சேறும் பாசியுமாக நீர்மூழ்கியைக் கண்மாயில் விட்டு எடுத்தால், மெய்யான சேறும் பாசியும் அதன்மேல் அப்பியிருக்கும். மெய்ச்சேறு அளவைக்கு அடங்காதது. அதன் ஒவ்வொரு பரலும் முன்சொன்ன ஜல்லி. ஆகவே மெய்யழுக்கைத் துடைத்துப் பொய்யழுக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

7. சித்தன்னவாசல் ஒப்பீடு

அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆடவர் என எல்லாம் அதில் உண்டு. குளம் கூரையில் இருப்பதால் பார்ப்பவர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். இது நீர்மூழ்கிக்காரரின் பார்வை என்பதை இதுவரை எந்தக் கலை வரலாற்றாசிரியரும் கவனியாதது வியப்பே. எருமையையும் மீனையும் ஒரே நீரில் வைத்த ஓவியர், நாம் நான்காம் இயலில் கண்ட ஆபத்தை அறிந்தவர் என்றே தோன்றுகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஓவியத்தின் பொருள்களை ஆராய்ந்தார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி, பச்சைக்குப் பச்சை மண். இவற்றில் காவி இரண்டும் இரும்பு ஆக்சைடுகள். துருவும் அதுவே. நீர்மூழ்கிக்காரர் 'பழைய துரு', 'புதுத் துரு' என்று பெயரிட்ட சிறுகுப்பிகளை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் பொருளை, சமண ஓவியர் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே தாமரைக்குளத்துக்குக் குழைத்துவிட்டார். செம்புறாங்கல் நிறைந்த இம்மாவட்டத்தில் காலடி மண்ணைத் துணியில் சலித்தாலே குப்பி நிரம்பும்.

ஒற்றுமை இத்துடன் முடிகிறது. நீர்மூழ்கிக்காரர் புதியதைப் பழையதாக்க ஒரு வாரம் உழைக்கிறார். தொல்லியல் துறையோ பழையது மேலும் பழையதாகாமல் இருக்க ஆண்டு முழுதும் உழைக்கிறது. முன்னவர் தம் கறை ஒவ்வொன்றுக்கும் காரணம் வைக்கிறார். சித்தன்னவாசல் ஓவியங்களின்மேல் வந்துபோனவர்கள் கீறியும் தேய்த்தும் உண்டாக்கிய சேதங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நம் இலக்கணப்படி அவை வழு. வழுவமைதி சொல்லவும் வழியில்லை.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: அழுக்குக்கும் இலக்கணம் உண்டு, காரணமில்லாத கறை பிழை.

இரண்டு: பொம்மை நீர்மூழ்கியின் இயல்பான நிலம் கடலன்று, கண்மாய். ஆகவே அன்னவாசல் ஒரு கடற்படைத் தளமாகும் தகுதி உடையது. எருமைகளோடு முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்ளல் நலம்.

மூன்று: பூசிய வயது பிடிக்கவில்லை என்றால் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். எங்காவது பெயர் கீறியே தீர வேண்டும் என்று கை அரிப்பவர்கள் தங்கள் நீர்மூழ்கியில் கீறிக்கொள்ளட்டும். சித்தன்னவாசலுக்குப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து மட்டும் பாருங்கள். அந்தக் குளத்துக்கு இன்னொரு கோட் அடிக்க இனி ஆள் கிடையாது.