வெட்டுப்பட்ட துப்பாக்கியின் வம்சாவளி நிபுணர்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் எந்தக் கண்காட்சியிலும் அவரைப் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேசைமேல் கிடக்கும் ஷ்மிட்-ரூபின் ரைஃபிளை முகர்ந்து பார்ப்பவர்போல் குனிந்திருப்பார். ஒரு காலத்தில் அது ஸ்விட்சர்லாந்து ராணுவத்தின் சொத்து. பிறகு உபரிச் சரக்காகச் சல்லிசான விலைக்குக் கைமாறி, ஏதோ ஒரு வேட்டைக்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர் மான் வேட்டைக்குத் தோதாகக் குழலின் நுனியை அறுத்து, முன்கட்டையைச் சீவி, பயனெட் மாட்டும் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டார். இப்படி மூளியானதை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால், "மலிவு" என்பார் நம்மவர். அதை நான் நம்புவதில்லை. அவரை இழுப்பது அதிலிருந்து காணாமல் போன பாகம். முழுசாக இருக்கும் துப்பாக்கியில் முத்திரையைப் படித்தால் வேலை முடிந்தது. பாதி சிதைந்த கல்வெட்டில்தானே படிப்பவரின் வித்துவம் வெளிப்படும்!

வித்துவம் இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. குழலின் நீளத்தை வைத்து ஏமாறமாட்டார். 1911 ரைஃபிளின் குழல் 780 மி.மீ., அதே காலத்துக் கார்பைனின் குழல் 592 மி.மீ.; ஆனால் ரம்பம் பட்ட குழல் இரண்டில் எதுவாகவும் வேஷம் போடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, ரம்பம் எட்டாத இடத்தைப் பார்ப்பார். பன்னிரண்டு தோட்டா பிடிக்கும் மேகசின் தொங்கினால் 1889 மாதிரி, அல்லது அதைத் திருத்திய 1889/96. ஆறு என்றால் பிந்தியது. போல்டை உருவி, பூட்டும் காதுகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பார். 1889-இல் அவை பின்கோடியில் இருக்கும். பின்னால் வந்த கே31 மாதிரியில் முன்பக்கம் வந்துவிட்டதால் உடற்பகுதியே குட்டையாகியிருக்கும். நேரான கட்டையில் கைப்பிடிக்காகத் தனி மரத்துண்டு பதித்திருந்தால் 1896/11. இவ்வளவும் சுத்தமான தர்க்கம், குறை சொல்ல இடமில்லை. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி எழுதவே வேண்டியிருக்காது.

நிறுத்தமாட்டார். இடப்பக்கத்தில் இரண்டு திருகுத் துளைகள் கண்ணில் பட்டால் போதும், குரல் தாழ்ந்துவிடும். ராணுவக் குறிசுடுநர்களுக்கென்று வந்த கே31/42-இல் தொலைநோக்கி இடப்பக்கத்தில்தான் இருந்தது. எனவே இதுவும் அந்த வம்சம். கார் ஷெட்டில் யாராவது சாதாரண டிரில்லால் போட்ட துளையாக இருக்கலாமே என்று கேட்டால், நம்மை இரக்கத்தோடு பார்ப்பார். கே31 கட்டைகளின் அடிப்புறம் அடிபட்டுத் தேய்ந்திருப்பதற்கு ஆணி அடித்த பூட்ஸ்களையும் ஆல்ப்ஸ் பனியையும் காரணம் காட்டுவது சேகரிப்பாளர் வழக்கம். நம்மவரோ அமெரிக்காவில் புதிதாகச் செதுக்கி மாட்டிய கட்டையிலும் அந்தப் பூட்ஸ் தடத்தைக் கண்டுபிடிப்பார். கே31-இன் அடித்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சீட்டு சில சமயம் கிடைப்பது உண்மை. கட்டையையே மாற்றிய பிறகு சீட்டுக்கு எங்கே போவது? இருந்தாலும் திருப்புளி வெளியே வந்துவிடும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், ரகசியப் பணி என்பதால் சீட்டு வைக்கவில்லை என்று அதுவும் ஒரு சான்றாகிவிடும்.

யாருக்கு என்ன நஷ்டம், பாவம், ஒரு பொழுதுபோக்கு என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். மேசை வரைக்கும் அது சரி. சுடப் போகும்போதுதான் இந்த அடையாள வித்தைக்கு உண்மையான வேலை வருகிறது. 1889 ரைஃபிள் ஜிபி90 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. பின்னால் வந்த ஜிபி11 அதைவிட அழுத்தம் கூடியது. பழைய ரைஃபிளில் போட்டால் ஆபத்து. இரண்டையும் 7.5 மி.மீ. என்றே சொல்வதால் குழப்பம் இன்னும் எளிது. போதாக்குறைக்கு, குழலை வெட்டியவர் தோட்டா அறையைத் தொடாமல் விட்டார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. தாழ்ந்த சூட்டில் உருகும் உலோகத்தை அறையில் ஊற்றி அச்சு எடுத்து அளந்து பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். துப்பாக்கி பழுது பார்ப்பவருக்கு இது சாதாரண வேலை. வம்சாவளி முழுதும் தலைகீழாகச் சொல்லும் நம்மவர், இந்த ஒரு காரியத்தை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவார். அளவு வந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

உண்மையான சேகரிப்பாளர்கள் அவரை மதிப்பதில்லை. வெட்டியது வெட்டியதுதான், அதற்கு எதற்குப் புராணம் என்பது அவர்கள் கட்சி. அதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். உபரியாகக் குவிந்து கிடந்த நாளில் இவற்றை வெட்டியவர் புதையலை வெட்டவில்லை, மலிவுச் சாமானை வெட்டினார். அந்த வேட்டைக்காரரின் கைவேலையும் துப்பாக்கியின் சரித்திரத்தில் ஒரு பக்கம்தான். நம்மவர் படிக்க மறுப்பது அந்த ஒரு பக்கத்தை மட்டுமே. எதிரில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கோ எந்தப் பக்கமும் சம்மதம். குறிசுடுநர், ஆல்ப்ஸ், ரகசியப் பணி என்று நம்மவர் மூச்சுவிடாமல் விளக்கி முடிப்பதற்குள், அவர் விலைச்சீட்டை எடுத்து வேறு எண் எழுதி வைத்திருப்பார்; "மலிவு" என்று சொன்னவரும் மறுபேச்சில்லாமல் அதைக் கொடுத்து வாங்கிப்போவார்.