பெருமாளுக்கு ஒரு பசு, குப்பைக்கு ஒரு பசு

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் கண் விழித்ததும் பார்ப்பது பசுவின் பின்புறத்தை. விஸ்வரூப சேவையில் அதைத் திருப்பி நிறுத்துவார்கள். மகாலட்சுமி குடியிருக்கும் இடமாயிற்றே. வெளி வீதியில் இன்னொரு மகாலட்சுமியைக் கறந்து முடித்து, கயிற்றை அவிழ்த்து, அதே இடத்தில் ஒரு தட்டு தட்டி விரட்டிவிடுவார்கள். டிபன் குப்பைத்தொட்டியில். தீவனச் செலவு மிச்சம், கோமாதா வளர்த்த புண்ணியம் தனி.

தொட்டியில் என்ன கிடைக்கும்? எச்சில் இலை, ஊசிப்போன சாம்பார் சாதம், சுவரில் சுரண்டிய பழைய பெயின்ட், சில நாள் உடைந்த பேட்டரித் துண்டு. பெயின்டிலும் பேட்டரியிலும் உள்ள ஈய உப்பு லேசாக இனிக்கும், மாடு நக்கும். விழுங்கிய துண்டு தேன்கூடு மாதிரியான இரண்டாம் வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிறகு கண் தெரியாது. பல்லை நறநறவென்று கடிக்கும். சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும். “கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு” என்பார் மாட்டுக்காரர். மிளகாய் கருகுவதற்குள் மாடு சாய்ந்துவிடும்.

சட்டம் இல்லாமலா? பழைய பேட்டரிக்கு 2001-லேயே விதி போட்டார்கள்; 2022-ல் புதுசாகவும் போட்டார்கள். காயலான் கடையில் சுத்தியல் இறங்கும் நேரத்தில் மட்டும் இரண்டும் டீ குடிக்கப் போயிருக்கும். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலைப் பெயின்டுக்கு அந்த வரம்பு கிடையாது. மாட்டுக் கொம்பு வீடா, தொழிற்சாலையா? மாட்டுப் பொங்கலன்று, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமலைக் கொம்பில் தடவுகிற நாம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தோமா? மினுமினுத்தால் போதும். உரிந்து தண்ணித் தொட்டியில் விழுவதைக் குடிக்கப்போவது நாமா என்ன!

ரோட்டில் நின்றால் மாநகராட்சி பிடித்துக் கட்டி அபராதம் போடும். குற்றம், போக்குவரத்துக்கு இடைஞ்சல். வயிற்றில் ஊர்க் குப்பை இருப்பது இடைஞ்சல் கணக்கில் வராது. திருச்சி அரியமங்கலத்தில் 47 ஏக்கர் போல குப்பைக் கிடங்கு வைத்திருந்த ஊர் இது; போதாதென்று நாலு காலில் நடக்கும் கிடங்குகளையும் வளர்க்கிறோம்.

பாலில் ஈயத்துக்கு அனுமதி 0.02 பிபிஎம். ஈயம் ஏறிய மாடு அதைப் பாலிலும் இறக்கும். அளந்து பார்த்தா உங்கள் சொம்பில் ஊற்றுகிறார்கள்? சாயங்காலம் தொட்டியிலிருந்து திரும்பும் மாட்டைக் கறந்து, நுரை அடங்குமுன் உங்கள் வாசலுக்குத்தான் கொண்டுவருகிறார்கள். காபி ஆறுகிறது, குடியுங்கள்.