பாளையக்காரரும் பறக்கும் தட்டும்

வேலூர்க் கோட்டை விஜயநகரத்தார் காலத்தில் எழுந்தது. பிறகு பிஜாப்பூர்க்காரர் வந்தார், மராத்தியர் வந்தார், முகலாயர் வந்தார், ஆற்காட்டு நவாப் வந்தார். கடைசியில் தராசோடு வந்த கம்பெனிக்காரன் கோட்டையையே எடைக்கு எடுத்துக்கொண்டான். இத்தனை பேர் மாறியும் பாலாற்றங்கரைக் குடியானவன் கண்ணால் கண்ட ராஜா ஒருவர்தான்: வசூலுக்கு வாசலில் வந்து நிற்கும் பாளையக்காரர். மேலே ஆள்வது டெல்லியா, பிஜாப்பூரா என்பதெல்லாம் அவர் பாடு.

1801-ல் கர்நாடக உடன்படிக்கையோடு பாளையக்காரர் முறை ஒழிந்தது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏறக்குறைய 190 வருஷம் கழித்து அவர் மொபெட்டில் திரும்பி வந்தார். தோளில் கறுப்பு வயர் சுருள், சட்டைப் பையில் ரசீதுப் புத்தகம். ஊர் இந்த முறை அவருக்கு வைத்த பெயர் கேபிள்காரர்.

அவருக்கு முந்தையது தூர்தர்ஷன் ஆட்சி. சென்னை நிலையம் பிறந்த நாள் 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே நாட்டில் யாவரும் நலம் என்று சொல்லும் பழக்கம் அதற்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது. சென்னைக் கோபுரத்து அலைக்கு மலையைக் கண்டால் சுற்றிப் போகத் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமோ மலைக்குப் பஞ்சமில்லை. அதனால் வசதியுள்ள வீடுகள் கொடிமரம் போலப் பைப் நட்டு, உச்சியில் ஆண்டெனாவைக் கட்டின. காகம் வந்து உட்கார்ந்தால் செய்தி வாசிப்பவருக்கு முகம் கோணும். தண்ணீர் வராத ஆற்றங்கரையில், தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து 'வயலும் வாழ்வும்' பார்த்து, நெல்லுக்கு மேலுரம் எப்போது போடுவது என்று ஒரு தலைமுறையே கற்றுத் தேர்ந்தது.

இந்த ஆட்சியைக் கவிழ்த்தது ஒரு ரிஜெக்ட் மால்.

ஆம்பூர்க்காரர்களுக்கு ரிஜெக்ட் மால் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய ஷூவில் ஒரு தையல் கோணிவிட்டால் அது கடைவீதிக்கு வந்து, கொஞ்சம் பாலிஷ் போட்டுக்கொண்டு, வேறொரு காலைத் தேடிக்கொள்ளும். 1984 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெஸ்டார்-6 என்ற செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டது. அதன் மோட்டார் சரியாக எரியாமல், போக வேண்டிய உயரத்துக்குப் போகாமல் அந்தரத்தில் அலைந்தது. அதே வருஷம் நவம்பரில் டிஸ்கவரி விண்கலம் போய் அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தது. பழுது பார்த்தார்கள், ஹாங்காங் பார்ட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். லேபிள் ஏசியாசாட்-1 என்று மாறியது. 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி மேலே போனது. மறு வருஷம் ஸ்டார் டிவி அதிலிருந்துதான் ஆசியா முழுக்கப் பொழிந்தது. இந்தியாவின் தனியார் டிவி யுகத்தைத் தொடங்கிவைத்தது ஒரு செகண்ட் ஹேண்ட் சரக்கு. இந்த வியாபாரத்தை ஆம்பூர் பஜாரில் யாரிடம் சொன்னாலும் "எத்தனை பர்சன்ட் கழிச்சான்?" என்றுதான் முதலில் கேட்பார்.

கேபிள்காரர் அதற்கு முன்பே தயாராக இருந்தார். வீடியோ டெக் வாடகைக்கு விட்டவர், அதே டெக்கிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்தார், அங்கிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து பேட்டைக்கு. மொட்டை மாடியில் அண்டா மூடியைவிடப் பெரிய தட்டு ஒன்று வந்ததும் பாளையத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று, ஏப்ரல் 14-ல், சன் டிவி வந்தது; 1994-ல் ராஜ் டிவி. 1995-ல் கேபிள் டிவி சட்டம் வந்து, தொழில் நடத்துகிறவர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. விண்வெளியிலிருந்து வருவதை விற்க போஸ்ட் மாஸ்டரிடம் பதிவு! தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டியே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பாளையக்காரரின் உண்மையான அதிகாரம் பட்டன்களில் இருந்தது. பழைய பெட்டிகளில் பட்டன்கள் கொஞ்சம், ஊரிலோ மொழிகள் அதிகம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகள் தெருத் தெருவாக. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரா எட்டிப் பிடிக்கும் தூரம். 1995-ல் ஈடிவி வந்ததும் அங்கே தெலுங்கு கேட்டார்கள். வேலூரில் சிஎம்சி மருத்துவமனை எதிரே உள்ள லாட்ஜ்களில் பெயர்ப்பலகையே வங்காள மொழியில். வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர் காலையில் கேட்பது டாக்டர் டோக்கன், மாலையில் கேட்பது பெங்காலி சேனல். எதை எந்த நம்பரில் வைப்பது என்று முடிவு செய்தவர் ஐ.நா. சபையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியவர். நம் ஊர் அவரை மின்கம்பத்தில் ஏற்றிவிட்டது.

ராஜா என்றால் மெய்க்கீர்த்தி வேண்டுமே. ராஜராஜன் கல்லில் வெட்டினான். கேபிள்காரர் லோக்கல் சேனல் தொடங்கினார். முதலீடு: ஒரு டெக், கல்யாண வீடியோ கேமரா ஒன்று, எழுத்து ஓடவிடத் தெரிந்த தம்பி ஒருவன். முதல் பிறந்தநாள் காணும் குழந்தை நட்சத்திரங்களுக்கு நடுவே சுழன்று சுழன்று வரும். வாழ்த்துவோர் பட்டியலில் இன்னும் பிறக்காத தம்பியின் பெயர் மட்டும்தான் இருக்காது. கண்ணீர் அஞ்சலிக்கும் ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் பின்னணி இசை ஒன்றே. இடையில் அடிவரியில் ஓடும்: இன்று எந்தத் தெருவுக்குக் குடிநீர், எந்த ரேஷன் கடையில் மண்ணெண்ணெய், எந்த மினி பஸ்ஸில் விட்டுப்போன பை எந்த டீக்கடையில் இருக்கிறது. பிபிசி ஆயிரம் பேரை வைத்துக்கொண்டும் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

பாளையம் செழித்தால் பேரரசு கண் வைக்கும். பெரிய நகரங்களில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் வளர்ந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் திமுக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. பெட்டிதான் இலவசம், வயர் இல்லை. பாளையக்காரருக்குக் குடிகள் கூடின. 2007-ல் ஆளும் குடும்பத்துக்கும் அதன் உறவினரான சன் குழுமத்தாருக்கும் இடையே மனஸ்தாபம் வந்தது. அந்த அக்டோபரிலேயே அரசு கேபிள் டிவி கழகம் பிறந்தது. தஞ்சை, கோவை, நெல்லை, வேலூர் என நான்கு ஊர்களில் ஒளிபரப்பு மையங்கள். கோட்டை இருக்கிற ஊருக்கு மறுபடி ராணுவ முக்கியத்துவம்! 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. கழகம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கப் போனது. 2011 செப்டம்பர் 2-ல் ஜெயலலிதா தட்டி எழுப்பினார். மாதம் 70 ரூபாய். முதல் நாள் பட்டியலில் சன் குழுமச் சேனல்கள் இல்லை. ஷூ கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, கை கால் கழுவி, சீரியல் முன் உட்காரும் பெண்களிடம் அந்த மாதம் வசூலுக்குப் போன பாளையக்காரரின் வீரத்துக்கு நடுகல்லே நட்டிருக்கலாம்.

இதற்கிடையில் 2007 கடைசியில் சன் டைரக்ட் வந்தது. மற்ற கம்பெனிகளும் கடை விரித்தன. வயரும் இல்லை, வாசலில் நிற்கும் வசூல்காரரும் இல்லை. சின்னத் தட்டு ஒன்று மாடியில் அண்ணாந்து பார்த்தால் போதும். ஊர் டீலர் கடைகளில் எல்லாப் பேரமும் ஒரே இடத்தில் முட்டி நின்றது.

"பாய், லோக்கல் சேனல் வருமா?"

"டிஸ்கவரி வரும் பாய். அனிமல் பிளானெட் வரும்."

"எங்க தெருவுல இன்னிக்கித் தண்ணி விடுவாங்களான்னு அனிமல் பிளானெட்ல போடுவானா?"

டீலர் மேல் குற்றமில்லை. செயற்கைக்கோளின் வெளிச்சம் இந்தியா முழுக்க விழும். அதில் இடம் வேண்டுமென்றால் டெல்லி அனுமதி வேண்டும், வாடகை வேண்டும். குழந்தை சுழலும் சேனலை 36,000 கிலோமீட்டர் மேலே அனுப்பி, காஷ்மீருக்கும் சேர்த்துக் கீழே இறக்க எந்தக் கம்பெனி முன்வரும்? அமெரிக்காவிலேயே இந்த வழக்கு காங்கிரஸ் சபை வரை போனது. 1999-ல் சட்டம் போட்ட பிறகுதான் அந்தந்த ஊர் நிலையத்தை அந்தந்த ஊர் வீட்டுக்குத் தட்டு வழியாகக் கொடுக்க வழி பிறந்தது. நாம் நாடாளுமன்றத்தைத் தொந்தரவு செய்யவில்லை. ஹாலுக்குத் தட்டு, அம்மா ரூமுக்குப் பழைய கேபிள். பாளையக்காரர் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே.

தட்டுக்கும் சோதனை வந்தது. 2010 ஜூலை 7-ல் இன்சாட்-4பி-க்கு மின்சாரக் கோளாறு. 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. மின்வெட்டுக்குப் பழகிய வட ஆற்காட்டுக்காரர்களே விண்வெளியிலும் பவர் கட் என்றதும் ஒரு நிமிஷம் அசந்தார்கள். சன் டைரக்ட் மீசாட்-3 என்ற மலேசியச் செயற்கைக்கோளுக்குக் குடிபெயர்ந்தது. இங்கே பிழைப்பு நின்றால் மலேசியாவுக்குக் கப்பலேறுவது தமிழனின் பரம்பரை வழக்கம்தான். சேனல்கள் அதை மதித்தன.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குடியாட்சியையே அறிவித்தது. 130 ரூபாய்க்கு 100 சேனல், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு; மேற்கொண்டு வேண்டியதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். விஜயநகரம் தொட்டு அன்றுவரை பாலாற்றங்கரைக் குடிமகனுக்கு யாரும் தந்திராத சுதந்திரம். அவன் நீளமான பட்டியலை ஒரு முறை புரட்டினான், கண்ணாடியைக் கழற்றினான், கேபிள்காரரிடம் திருப்பிக் கொடுத்தான்: "நீங்களே பார்த்துப் போட்டு விடுங்க." அதே வருஷம் நவம்பர் 28-ல் ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. நேற்றுவரை லோக்கலாக இருந்த வேலூர் ஒரே நாளில் வெளிமாவட்டம் ஆனது. கேபிள்காரர் மட்டும் அதே தெரு, அதே கம்பம், அதே ரசீதுப் புத்தகம்.

ரமலான் கடைசியில் இந்த வரலாறு முழுவதும் ஒரே ராத்திரியில் விளங்கிவிடும். மேகம் மூடியிருக்கும். தையல் கடையில் மெஷின் நிற்காது; பிரியாணிக்கு எத்தனை கிலோ அரிசி ஊறப்போடுவது என்று தெரியாமல் பாய் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பார். பிறை தெரிந்ததா, நாளை பெருநாளா என்பதுதான் ஊரின் ஒரே கேள்வி. ஹாலில் தட்டு 200 சேனல் காட்டிக்கொண்டிருக்கும். அதில் சிங்கம் மான் வேட்டையாடும். நிலா பூமியின் ஆதித் துணைக்கோள், 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. அதைப் பற்றிய தகவல் 36,000 கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு துணைக்கோளிடம் இருக்காது. அம்மா ரூமிலிருந்துதான் குரல் வரும்: "லோக்கல்ல ஓடுது, நாளைக்குத்தான் பெருநாள். அப்படியே கேபிள்காரருக்கு இந்த மாசப் பாக்கியைக் கொடுத்துடு!"