பழைய கிட்டாரில் பிக்கப் அறிதலும் மாற்றுதலும்: கூடுவாஞ்சேரிக் கள ஆய்வின் முன்னறிக்கை

‘கூடு’ என்று தொடங்கும் ஊரில் உட்கூடு கொண்ட வாத்தியம் செழித்தே தீரும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கூடுவாஞ்சேரியின் பெயர்க்காரணம் பற்றி வேறு கருத்துடையோர் தத்தம் ஆய்வேட்டில் மறுத்துக்கொள்ளலாம். களம், நந்திவரம் ஏரிப் பக்கம் ஒரு மாடியறை. ஆய்வுப்பொருள், சித்தப்பா ஒரு காலத்தில் லைட் மியூசிக் கச்சேரிகளில் வாசித்து, கல்யாணமானதும் பரணில் ஏற்றிவிட்ட கொல்கத்தா கிட்டார். கருவிகள்: டார்ச், மல்டிமீட்டர், சித்தியின் வளையலில் தொங்கும் ஊக்குகளில் ஒன்று.

வட்ட ஓட்டைக்குள் டார்ச் அடித்தால், கீழடிக் குழியில் தெரிவதுபோல் இங்கும் அடுக்குகள் தெரிகின்றன. மேலடுக்கில் கரப்பான் எச்சமும் காணாமற்போன பிளக்ட்ரமும். அடுத்தது இன்சுலேஷன் டேப் காலம். அதற்கும் முந்தையது எம்-சீல் காலம். இக்காலத்து மக்கள் எதையும் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் என்பது பெறப்படும். எம்-சீலின் அடியில் ஒரு பித்தளை வட்டு, பத்து ரூபாய் நாணயத்தின் அளவு.

இது எவ்வகை? அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரு பெரும் குலம்: காந்தம், அழுத்தம். முன்னதில் காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் தந்தியை அது மதிக்காது. பின்னதோ மரத்தின் அதிர்வையே வாங்குவது. ஊக்கைக் கிட்டே கொண்டுபோனால் இழுத்துக்கொள்வது முதற்குலம், இழுக்காதது இரண்டாவது. மல்டிமீட்டரில் முதற்குலம் சில ஆயிரம் ஓம் காட்டும். இரண்டாவது ஒன்றுமே காட்டாது. ஒன்றுமே காட்டாதது அதன் இயல்பு. அதைப் பார்த்து ‘அவுட்டு சார்’ என்று தூக்கி எறியப்பட்ட நல்ல பிக்கப்புகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நினைவுத்தூண் எழுப்பலாம்.

அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கண்டவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும். அவர்கள் சோதித்தவற்றில் கரும்புச் சர்க்கரையும் ஒன்று. ஆகவே கற்கண்டைக் கடிக்கும்போதெல்லாம் நாம் பிக்கப்பைக் கடிக்கிறோம் என்க. பழைய படிக மைக்குகளில் ரோஷெல் உப்பை வைத்தார்கள். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். ஐப்பசியில் ஏரித் தண்ணீர் வாசல்வரை எட்டிப்பார்க்கும் ஊரில் அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. இன்றைய வட்டுகளில் இருப்பது பீங்கான், ஈரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. கிட்டாரில் தந்திகள் ஏறி அமரும் சேடிலுக்கு அடியிலேயே இதைப் புதைக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் ஓவேஷன் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத் தொடங்கிய சார்லஸ் கமான் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்தவர். அதிர்வின் அருமை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இனி இரைச்சல். ஆம்ப்ளிஃபையரில் மாட்டியதும் எங்கள் கிட்டார் ‘ம்ம்ம்’ என்றது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பு 100. ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டு 98. அதாவது மின்சாரம் ஜி சுரத்தை, கொஞ்சம் ஸ்ருதி கூட்டி, இரவும் பகலும் பாடுகிறது. செங்கல்பட்டு ரயிலுக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். ஊரே ஒரு தம்பூரா. உறையில்லாத ஒயர் இதை வாங்கிக்கொள்வதில் வியப்பில்லை. நம்மவர்கள் எழுந்து நின்று சபாஷ் போடாததுதான் வியப்பு.

மாற்றும் முறை. ஒரு கடையில், பெயர் வேண்டாம், வட்டு செத்துவிட்டது, சேடிலுக்கு அடியில் பட்டை பிக்கப் வைக்கவேண்டும் என்றார்கள். பட்டையின் கனத்துக்குச் சேடிலின் அடியைத் தேய்க்கவேண்டும். தேய்க்காவிட்டால் தந்தி உயர்ந்து விரல் கிழியும். பள்ளம் சமமாக இல்லாவிட்டால் ஒரு தந்தி மட்டும் ஊமையாகிவிடும். ஜாக்குக்காக வால்பக்கம் அரை அங்குல ஓட்டை வேறு போடவேண்டும். பழைய மரத்தில் போட்ட ஓட்டையை எந்த எம்-சீலும் திருப்பித் தராது. ஓட்டை கூடாது என்பவர்கள் வட்டத் துளையில் கவ்வவைக்கும் காந்த வகையை வாங்கட்டும். இன்று என் வாக்கு அதற்கே.

அன்று நானோ கடைக்காரர் சொல் கேட்டுச் சேடிலை உருவி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளில் தேய்த்தேன். துளையிடுமுன் கடைசியாகப் பழைய ஜாக்கைத் திருகிப் பார்த்தேன். ஒயர் பற்றவைத்த இடம் பச்சை பூத்து விட்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்ததும், எம்-சீலுக்கடியில் இத்தனை காலம் கிடந்த வட்டு, விரலால் தட்டியபோது தொம் என்றது.

சாகாத பிக்கப்புக்காகத் தேய்த்த சேடில்தான் இப்போது சிக்கல். சித்தப்பா அந்தக் காலத்தில் அசல் எலும்பில் இழைத்துப் போட்டது அது. திண்ணையில் காயவைத்திருந்தேன். கடைசியாக அதனுடன் காணப்பட்டது எங்கள் தெருச் செவலை நாய். மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஒரு பக்கம் சாய்வு. ஏரிக்கரையில் யாராவது கண்டால், சித்தப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் சேர்ப்பிக்கவும்.